குளிர்ப்பெட்டி

புயல் போய் மூன்றாம் நாள்.
வியாசர்பாடியில் இன்னும் கரண்ட் வரவில்லை.
மருந்தக ஃபிரிட்ஜ் இப்போது வெறும் அலமாரி.
கோமாரித் தடுப்பூசி பன்னிரண்டு குப்பி
என் மடியில்.

காசிமேட்டில் ஐஸ் உடைப்பவர் காசு வாங்கவில்லை.
"மாட்டுக்கா? எடுத்துக்கினு போ சார்."
நேராகப் பட்டால் உறைந்து வீணாகிவிடும்;
லுங்கியில் சுற்றினேன்.

கொடுங்கையூரில்
முழங்கால் சேற்றில் ஏகவள்ளியின் எருமைகள்.
போன தடவை ஊசி வேண்டாமென்று
மூன்றைப் பறிகொடுத்தவள்
இன்று கயிற்றைத் தானே பிடித்தாள்.

பெட்டி திறந்ததும் வஞ்சிர வாடை.
எருமை முகத்தைத் திருப்பிக்கொண்டது.
"கவிச்சி ஆவாது அதுக்கு."
தெர்மாமீட்டரில் ஆறு டிகிரி.
கழுத்தைத் தட்டிக் குத்தினேன்.

"அடுத்தது எப்ப?"
"ஆறு மாசம்."

கரித்துண்டு எடுத்தாள்.
சுவரில்
வெள்ளம் விட்டுப்போன கோட்டுக்கு
ஒரு சாண் மேலே
தேதி எழுதினாள்.