மெல்ல

செவ்வாய்க்கிழமை எனக்கு ஞாயிறு.
பேருந்து இன்று வேறொருவர் கையில்.
காக்கி புக்கிட், ஆறாவது மாடி,
மணிக்கு ஒன்பது வெள்ளி வாடகைக்கு ஒரு மேசை,
அதில் திருகி இறுக்கிய ஸ்க்ரோல் சா.
வீட்டில் வைக்க வழியில்லை.
கீழ்வீட்டுக் குழந்தைக்குப் பல் முளைக்கிறது,
ஏற்கெனவே அந்தப் புளோக்கில் யாருக்கும் தூக்கமில்லை.

முதல் நாள்
பிளேடைத் தலைகீழாகப் பூட்டினேன்.
பலகை தவளைபோல் எகிறி முகவாயில் இடித்தது.
பல் கீழ்நோக்கி இருக்கவேண்டும் என்பதை
அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.
விரலால் சுண்டினால் டிங் என்று பேசவேண்டும்;
தொப் என்றால் இன்னும் கொஞ்சம் முறுக்கு.
அன்றைக்கே மூன்று முறிந்தன.
பருமன் குதிரைமுடி அளவுதான்,
முறியும் சத்தம் மட்டும்
டயர் வெடித்தது போல.

இருபத்திரண்டு வருடம் ஸ்டியரிங் பிடித்த கைக்கு
இங்கே ஒன்று மட்டும் பிடிபடவில்லை:
வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது.
சாலையைத்தான் நான் திருப்பவேண்டும்.
கூர்மூலை வந்தால்
நின்றபடியே ஒரு முழுச்சுற்று சுற்றிக்கொள்ளலாம்.
உபியில் வேலை நேரம் விடும்போது
எத்தனை முறை கேட்டிருப்பேன் இந்த வரத்தை!

அரை நிமிடத்துக்கு ஒருமுறை
கண் தானாக மேலே போகிறது, கண்ணாடியைத் தேடி.
ஏறியவர் இறங்கியவர் யாருமில்லை.
மரத்தூள்.

மற்ற மேசைகளில் மீனும் பூவும் வெட்டினார்கள்.
நான் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டேன்.
தள்ளாதே, மெல்லக் கொடு, மெல்லக் கொடு என்று
எனக்கு நானே சொல்லிச் சொல்லி
வாயில் தங்கிப்போன சொல்.
நிதானத்துக்கும் அதுதான்,
பல்லின் வேலைக்கும் அதுதான்.

கொம்பின் சுழிக்குள் போக வாசல் கிடையாது.
துளையிட்டு, பிளேடைக் கழற்றி,
துளைக்குள் கோத்து மறுபடி பூட்டவேண்டும்:
நூலை விட்டுவிட்டு ஊசியையே கோப்பது.
இரண்டாவது ல-வில் அவசரப்பட்டேன்.
வளைவு கருகி
கோப்பிக்கொட்டை வறுக்கும் வாசம் வந்தது.
அந்தக் கறையை உப்புத்தாள் இன்னும் எடுக்கவில்லை.

நான்காவது செவ்வாய், கடைசியாகப் புள்ளி.
மிளகைவிடக் கொஞ்சம் பெரிது.
வெட்டி முடித்த அந்த நொடியில்
மேசைத் துளை வழியாக நழுவி
தூசி உறிஞ்சும் குழாய்க்குள் போய்விட்டது.
பையைக் கவிழ்த்து
ஒரு மாதத்து எல்லோருடைய தூளையும் சலித்தேன்.
மெலல.
அப்படி ஒரு சொல் இல்லை.
சொல்லிப் பார்த்தேன்;
நாக்கு எங்கேயும் நிற்காமல் வழுக்கியது.

பக்கத்து மேசை சியூ யென், கணக்காய்வாளர்,
ஏழு வாரமாக ஒரே பூனையை வெட்டுகிறவள்,
என் நண்டுகளைப் பார்த்துக் கேட்டாள்:
"இதெல்லாம் என்ன?"
எழுத்து.
"என்ன தொலைந்தது?"
ஒரு புள்ளி.
"ஒரு புள்ளி இல்லாவிட்டால் என்ன?"
அந்த ஒலி நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும் என்றேன்.
ஆங்கிலத்தில் சொன்னபோது
பிரேக் பழுது மாதிரி இருந்தது.

அவள் மிட்டாய் டப்பாவைத் திறந்தாள்.
பூனைக்குக் கண் திறந்தபோது
உதிர்ந்த வட்டத்தை எறியாமல் வைத்திருக்கிறாள்,
கறுத்த வால்நட்.
வட்டம்கூட இல்லை, ஒரு பக்கம் சப்பை.
இன்னொரு கண்ணை அவள் இன்னும் வெட்டவில்லை;
அதற்குப் பயமாக இருக்கிறதாம்.

பசை காய ஒரு இரவு.

வெளிர்மரச் சொல் இப்போது
கதவுக்கு மேலே, செருப்பு அலமாரிக்கு நேராக.
விடிகாலை நாலேகாலுக்கு
டிப்போ வண்டியைப் பிடிக்கக் கிளம்பும்போது
பூனையின் ஒற்றைக் கண் என்னைப் பார்க்கிறது.
நான் சட்டைப் பொத்தான் போட்டபடி
அதன் கீழே ஓடுகிறேன்.