ஸ்ட்ரா அளவு

தாடையைக் கம்பி போட்டு இறுக்கிவிட்டார்கள்.
மேல்பல்லும் கீழ்ப்பல்லும்
ஆறு வாரத்துக்குப் பிரியக்கூடாது.
"ஸ்ட்ராவில் போகிற எதையும் கொடுங்க" என்றார்
கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி டாக்டர்.
எது போகும் என்று சொல்லவில்லை.

களிக்குப் பல் வேண்டாம், விழுங்கினால் போதும்
என்று பெருமை பேசுகிற ஊர் எங்களுடையது.
பல் வேண்டாம்தான்.
வாய் திறக்க வேண்டுமே.

மூன்று நாள் கஞ்சித் தெளிவு.
நான்காம் நாள் பருப்புத் தண்ணீர்.
ஐந்தாம் நாள் திம்மராயன்
டம்ளரைச் சுவர்ப்பக்கம் தள்ளி வைத்தான்.

ராயக்கோட்டை மண்டியில் சீட்டு எழுதுகிறவள் நான்.
அன்றைக்குத் தக்காளி பெட்டி எழுபது ரூபாய்.
பறித்த கூலிக்கே பத்தாது என்று
பாதிப்பேர் வண்டியை விட்டு இறக்கவே இல்லை.
"எடுத்துக்கம்மா" என்றார் ஒருவர்
என் முகத்தைப் பார்க்காமல்.
கணக்கில் எழுதாத தக்காளி
வீடு வரை கனத்தது.

எண்ணெய் டின்னை வெட்டி விரித்த தகரம்,
அடியில் மாங்கட்டைக் கரி.
தக்காளியைக் கீறிக் கவிழ்த்தேன்.
பக்கத்தில் குடைமிளகாய், உரிக்காத பூண்டு,
சின்ன வெங்காயம், ஒரே ஒரு கேரட்.
இன்னும் இடம் இருந்தது.
மாங்கூழ் கம்பெனி லாரியிலிருந்து உருண்டு வந்த
பெங்களூரா ஒன்று கிடந்தது,
மூக்கு மட்டும் பழுத்து.
அதையும் வைத்தேன்.

முதலில் புளிப்பு நெடி.
அப்புறம் சூடான கல்லில்
தண்ணீர் தெளித்த சத்தம்.
தக்காளி கறுத்து, உப்பி,
தோலைத் தானே கழற்றிக் கொடுத்தது.
மாங்காய்தான் வீம்பு பிடித்தது,
கடைசியில் வெடித்து என் புடவையில் தெறித்தது.

மிக்ஸியில் அடித்து, வடிகட்டி,
மிளகு தட்டிப் போட்டு ஒரு கொதி.
முதல் இழுப்பிலேயே ஒரு தக்காளி விதை
ஸ்ட்ராவுக்குள் உட்கார்ந்துகொண்டது.
கண் பிதுங்க அவன் இழுக்க
நான் சிரிக்க,
சிரித்தால் வலிக்கும் அவனுக்கு,
தோளால் மட்டும் சிரித்தான்.
வேட்டித்துணியில் மறுபடி வடித்தேன்.

பதினோரு வருஷத்தில்
சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவன்
மண்டிச் சீட்டின் முதுகில் எழுதினான்:
இதுல என்ன இருக்குது?

கண்டுபிடி என்றேன்.

தக்காளி. பூண்டு. கரி.
சரி, இன்னொன்று இருக்குது.
மறுநாள் எழுதினான், வெல்லமா?
இல்லை.
புளியா?
இல்லை.
பூசணி?
அட போய்யா.

மூன்றாவது வாரம் பெட்டி முந்நூற்றைம்பதைத் தொட்டது.
காசு கொடுத்து வாங்கினேன்.
எடுத்துக்கம்மா என்றவரைக் காணோம்.
தோட்டத்தை ஏர் ஓட்டிவிட்டாராம்
விலை ஏறுவதற்கு நாலு நாள் முன்னால்.

நீ எதையோ மறைக்கிற, என்று வந்தது ஒரு சீட்டு.
ஆமாம் என்று தலையாட்டினேன்.

வண்டி கவிழ்ந்ததற்கு
குறுக்கே நாய் வந்தது என்றுதான்
ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருந்தான்.
என்னிடமும் அதையே.

ஐந்தாவது வாரம், ஒரு ராத்திரி,
டம்ளர் காலியான பிறகு நீட்டின சீட்டில்
பெரிய எழுத்தில்: மாங்காயா?
அதற்குக் கீழே, எண்ணெய் பட்ட மூலையில், சின்னதாக:
நாய் வரல. தூங்கிட்டேன்.

மாங்காய்தான் என்றேன்.
கீழே இருந்ததற்கு ஒன்றும் சொல்லவில்லை.
இன்னும் அரை டம்ளர் ஊற்றினேன்.
குடித்தான்.

கம்பி வெட்டின அன்றைக்கு
அவன் கேட்டது களியும் கீரையும்.
இரண்டு உருண்டை விழுங்கினான், பேசாமல்,
பழையபடி.

பழக்கத்தில் சூப்பும் வைத்திருந்தேன்.
அவன் தூங்கின பிறகு
பல்லை இறுகக் கடித்துக்கொண்டு
அவனுடைய ஸ்ட்ராவில் இழுத்துப் பார்த்தேன்.
கரி வந்தது. பூண்டு வந்தது.
மாங்காயைத் தேடினேன்.
வாய் மூடியிருந்தால்
அது வர ரொம்ப நேரம் ஆகிறது.