வலது ஆறு, ஏழு, எட்டு

ராயக்கோட்டையில் தக்காளி
கிரேட் எண்பது ரூபாய்க்கு இறங்கிய அன்று
காலிக் கிரேட் ஒன்றில்
கரும்பருந்தைக் கொண்டுவந்தார் திம்மராயப்பா.
மேலே கோணி. கோணிக்கு மேலே செங்கல்.

ஏட்டில் நாற்பத்தொன்று.
எடை: ஐந்நூற்றுத் தொண்ணூறு கிராம்.
கிடைத்த இடம்: உத்தனப்பள்ளி, கோழிப்பண்ணை.
காரணம் என்ற கட்டத்தில்
வழக்கமாக மின்கம்பி வரும், மாஞ்சா நூல் வரும்,
பாதிக்கு மேல் ‘தெரியவில்லை’ வரும்.
பேனாவோடு நான் நிமிர
அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்:
“நான்தான். எழுதிக்கோம்மா.
குஞ்சு தூக்குதுன்னு கத்தரிக்கோல் போட்டேன்.
மத்ததுங்க பாத்து பயப்படட்டும்னு
ரெண்டு நாள் கயித்துல கட்டி வெச்சேன்.
ஒண்ணும் தின்னல.
என்னைப் பாக்கவும் இல்ல.”

கட்டம் போதவில்லை.
‘கத்தரிக்கோல்’ என்று மட்டும் எழுதினேன்.

வலது சிறகில் ஆறு, ஏழு, எட்டு.
வெட்டுப்பட்டது உதிர்ந்து புதிது முளைக்க
வருஷம்கூட ஆகும் என்றாள் டாக்டர் சப்ரீனா.
அதுவரை கூண்டென்றால்
நெஞ்சுச் சதை கரையும், பாதம் புண்ணாகும்.

எங்கள் அலமாரியில் கல்யாணப் பத்திரிகை உறைகள் உண்டு.
உறைக்கு ஓர் இறகு, இறகுக்கு ஓர் எண்.
முப்பத்துமூன்றாம் பறவை மாசியில் செத்தது,
அணைப்பக்கம் இரண்டு கம்பியை ஒன்றாகத் தொட்டு.
இடது பக்கம் கருகிவிட்டது.
வலதை நான்தான் பிடுங்கி வைத்தேன்,
‘சுற்றமும் நட்பும் சூழ’ என்று
பொன்னெழுத்தில் அச்சிட்ட உறைகளில்.

ஊதுபத்திக் குச்சியின் வாசனை போகச் சீவி
செத்ததன் தண்டில் பாதி
இருப்பதன் தண்டில் பாதி.
நடுவில் ஒரு சொட்டுப் பசை.
கண்ணை மூடித் தோல் குல்லாய்.
காலைப் பிடித்திருந்தது நான்.
காய்ச்சல் கண்ட பிள்ளையின் சூடு கையில்;
பறவைக்கு அதுதான் சாதாரணம்.

பெயர் வைக்கக் கூடாது. பேச்சுக் கொடுக்கக் கூடாது.
எங்களைப் பிடித்துப்போனால் அதற்குத்தான் கேடு.
முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு இரை வைப்பேன்.

இரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.
ஓசூர்ப்பக்கம் குஞ்சு பொரிப்பகத்தில்
நாலு வருஷம் இருந்தவள் நான்.
குட்டிச் சிறகை விரித்து
இறகு நீளம் பார்த்தால் தெரியும்.
பெட்டை தட்டுக்கு. சேவல் டிரம்முக்கு.
என் விரல் தப்பியதில்லை.
டிரம்மை மட்டும் பார்த்ததில்லை.
இப்போதும் அந்த டிரம்மிலிருந்துதான்
வாரம் இரண்டு பெட்டி, ஐஸ் போட்டு வருகிறது.
மூடியைத் திறந்தால் மஞ்சள், மஞ்சள்.
நாளைக்கு மூன்று, எண்ணி வைக்கிறேன்.
பாவ புண்ணியத்துக்கு
ஏட்டில் கட்டம் இல்லை.

விடுகிற அன்று ஆடிக்காற்று.
யாரும் சொல்லாமலே வந்து
நாவல் மரத்தடியில் வண்டியை நிறுத்தினார் திம்மராயப்பா.

கதவைத் திறந்தோம்.
அது பறக்கவில்லை. நடந்தது,
கோழி மாதிரி.
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு என்ன தோன்றியதோ
ஒரே எழும்பலில் போய் உட்கார்ந்தது
டிரான்ஸ்பார்மர் மேல்.

“ஏய்” என்றாள் சப்ரீனா,
பறவையையா, கம்பியையா.
எனக்கு வாய் ஒட்டிக்கொண்டது.
திம்மராயப்பாதான் ஓடினார்,
பண்ணையில் விரட்டுகிற அதே குரலில்
“ஹூய், ஹூய்” என்று
கைதட்டி, கைதட்டி,
கடைசியில் செருப்பைக் கழற்றி வீசி.

கிளம்பியது.
துர்க்கத்துப் பாறைக்கு மேல் ஒரு வட்டம்.
வலதில் மூன்று இறகு மட்டும்
கொஞ்சம் வெளிறித் தெரிந்தது.
அடுத்த வட்டத்தில் அதுவும் தெரியவில்லை.

“திரும்ப வந்தா?” என்று கேட்டேன்.
“வரும்” என்றார்,
ஒற்றைக்காலில் நின்று வண்டியை உதைத்தபடி.

அன்றிரவு ஏட்டில்
நாற்பத்தொன்றுக்கு ‘விடுவிக்கப்பட்டது’ எழுதிவிட்டு
முப்பத்துமூன்றின் பக்கத்தைத் திருப்பினேன்.
‘இறப்பு’ என்றிருந்தது.
அடிக்கவில்லை.
பக்கத்தில் பென்சிலால்
ஆறு, ஏழு, எட்டு.

செருப்பு இன்னும் ஷெட் கூரைமேல் கிடக்கிறது.
ஏணி கேட்டு அவர் வரவில்லை.
நானும் எடுக்கவில்லை.