கலங்கல் பத்து

பத்துதான் எல்லை.
பத்துக்கு மேல் இருபது நிமிடம் கலங்கினால்
என் தலையணைக்கடியில் கைபேசி அலறும்.
நான் எய்லெர்ட்டைக் கூப்பிட வேண்டும்,
எய்லெர்ட் ரைவோவிடம் நிறுத்தச் சொல்ல வேண்டும்.
எஸ்தோனியாக்காரன் ரைவோ
சேறு கவ்விய வாளியை அந்தரத்தில் மூடியபடி நிறுத்திவிட்டுக்
காப்பி குடிக்கப் போவான்.
ஒப்பந்தத்தில் காப்பியைப் பற்றி மட்டும் எழுதவில்லை.

இந்தத் துறைமுகத்தின் அடியில் கிடப்பது
எங்கள் ஊர் எண்பது வருடம் வாங்கிய சம்பளம்.
கப்பல் பட்டறை, பெயிண்ட், பெயிண்டில் தகரம்.
எதுவும் ஒட்டாமல் கப்பலின் அடிவயிற்றைக் காத்த தகரம்.
அதைக் குடித்த பாறைச்சங்குகளில்
பெண்ணுக்கு ஆண்குறி முளைத்தது,
முட்டை வரும் வழி அடைத்துக்கொண்டது.
லென்ஸுக்கடியில் அதைப் பார்த்த அன்று மாலை
நகராட்சிக் கூட்டத்தில் எப்படிச் சொல்வதென்று
மூன்று வாக்கியம் எழுதி
மூன்றையும் அடித்தேன்.

அள்ளினால் கிளம்பும், அள்ளாவிட்டால் கிடக்கும்
என்றார் ஓஸ்லோவிலிருந்து வந்த நிபுணர்.
அதற்கு விமானக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்.

அள்ளுகிறோம்.
இதுவரை ஒரு சைக்கிள், எட்டு நங்கூரம்,
போர்க்காலத்துக் குண்டொன்று (இரண்டு நாள் வேலை நின்றது),
ஊசி கழலாத தையல் இயந்திரம்.
ரைவோ அதைக் கழுவி எண்ணெய் விட்டிருக்கிறான்,
சக்கரம் அரைச்சுற்று சுற்றுகிறதாம்.

ஆகஸ்ட் கடைசியில் வெளித்தீவிலிருந்து
நீலச்சிப்பிகளைக் கொண்டுவந்தோம்.
பைக்கு ஐம்பது.
சேற்றுத்திரைக்கு உள்ளே மூன்று பை, வெளியே மூன்று.
ஆறு வாரம் தொங்கின,
கொடுத்த தண்ணீரை மூச்சாக இழுத்துக்கொண்டு.
பிறகு கத்தியால் நானே திறந்தேன்.
சதை உறைந்து தலைநகருக்குப் போயிருக்கிறது,
எதை மூச்சுவிட்டன என்று ஒரு தாள் வரும்.

அக்டோபர் பத்தொன்பது, அதிகாலை மூன்று பத்து.
இரண்டாம் மிதவை. நாற்பத்தொன்று.
மழையில்லை. படகுச் சேவை முடிந்துவிட்டது.
"ஒட்வெய்க், நான் விளக்கடித்துப் பார்க்கிறேன்,
தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது."
"நாற்பத்தொன்று" என்றேன்.
எய்லெர்ட் சொன்ன வார்த்தை
நோர்வீஜியன் தெரியாத ரைவோவுக்கும் புரிந்திருக்கும்.
ஐந்து மணி நேரம்.
ஒவ்வொரு மணிக்கும் ஊரின் காசு எவ்வளவு என்று
எனக்கு மனப்பாடம்.

வெளிச்சம் வந்ததும் போய் மிதவையைத் தூக்கினேன்.
கருவியின் கண்மேல்
விரல்நகம் அளவு ஒரு மீன்.
பச்சை. உடம்பெல்லாம் தலை.
அடிவயிற்று உறிஞ்சுவட்டைக் கண்ணாடியில் பதித்து
ஒளிக்கற்றையை மறித்துக்கொண்டு
என்னைப் பார்த்தது.
நான் இரவெல்லாம் அளந்தது கலங்கலை அல்ல,
ஒரு வயிற்றை.

இந்த விரிகுடாவில் நான்கு வருடம் வலைபோட்டு
இந்த மீனின் பெயருக்கு நேரே
பூச்சியம் எழுதியவள் நான்.
ஒரு மீன் சான்றாகாது, தெரியும்.
வழிதவறியும் வந்திருக்கலாம்,
வெளித்தீவுச் சிப்பிப் பையில் ஒட்டிக்கொண்டு
நானே கொண்டுவந்ததாகவும் இருக்கலாம்.
பொய் எச்சரிக்கைக்கான காரணம், படிவத்தில்:
பாசி. மின்கலம். கம்பி. பிற.

நகத்தால் மெல்ல நெம்பினேன்.
கண்ணாடியை விட்டது,
என் கட்டைவிரலைப் பிடித்தது.
கைபேசியில் எய்லெர்ட்: "ஆரம்பிக்கலாமா?"
"பொறு."
"என்ன கோளாறு?"
"கழற்றிக்கொண்டிருக்கிறேன்."
படகின் ஓரத்தில் கவிழ்ந்து படுத்து
கையை முழங்கைவரை நீரில் விட்டிருந்தேன்.
ஏழு டிகிரி. விரல் மரத்துப்போனதால்
அது எப்போது விட்டதென்று தெரியவில்லை.

எட்டு முப்பத்தைந்துக்கு எண் மூன்று.
வாளி இறங்கியது.
'பிற'வில் குறியிட்டேன். பக்கத்தில் ஒரு வரிக்கு இடமிருந்தது,
இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறேன்.
சிப்பிகளின் தாளும் வரவில்லை.