எட்டாவது கோடு

சிலாவத்தை மீன்சங்கச் சுவரில் ஏழு கோடு.
ஏழும் நான் கீறினது, பச்சைப் பெயின்ற்.
கள்ளப்பாட்டை வென்ற ஒவ்வொரு தரமும் ஒன்று.
பழைய கோச் ஏழையும் வென்று தந்துவிட்டு
கட்டாருக்கு ஏறினார்.

புதியவர் வந்த அன்று
ஹெல்மெற்றைக் கழற்றாமலே
சுவரை எண்ணினார்.
"இதில என்ர எத்தின?"
ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

பற்றிமாகரன். நீர்வழங்கல் சபையில் வேலை.
கலியாணம் கட்டினது கள்ளப்பாட்டில்,
சீதனவீடும் அங்கேதான்,
அவங்கட கோல்காரன் வீட்டுக்கும் இவருக்கும்
ஒரே மதில்.
கூட்டத்தில் பின்னாலிருந்து ஒரு குரல்:
சோறு அங்க, விசில் இங்கயோ?
பொருளாளர் இருமினார்.
தீர்மானம் நிறைவேறியது.

சோளகம் பந்தைக் கடலுக்கு இழுத்த பின்னேரம்
நாங்கள் ஆடினதை ஆட்டம் என்று சொல்லேலாது.
எண்பத்தாறாம் நிமிடம்
நிரோயனின் கோணல் உதை
அவங்கட பின்வரிசைக்காரனின் முழங்காலில் பட்டு
அவங்கட வலைக்குள்ளேயே போய்ப் படுத்தது.

சீனவெடி. மணல். சேட்டைக் கழற்றிச் சுழற்றினவர்களில்
நானும் ஒருத்தன்.
கோச் குனிந்து
தண்ணிப் போத்தல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.
"அடிச்சது அவங்கள்," என்றார்,
"சுவரில அதையும் எழுது."

எழுதவில்லை.
எட்டாவது கோட்டை இழுத்தேன்,
கொஞ்சம் சரிந்து போச்சு.

பெயின்ற் காய முன்னம்
அவரின் சிவப்பு லைற்
மதகு தாண்டி, கள்ளப்பாட்டுப் பக்கம் திரும்பியது,
மெல்ல,
கேற் பூட்டியிருக்கோ என்று
தூரத்திலேயே பார்க்கிறவர் மாதிரி.