திறந்தது / திறக்கவில்லை

கல்பிட்டியில் காற்று நேராக வரும்,
சொன்ன தேதிக்குச் சம்பளம் வருவதுபோல.
காசல்ரீயில் அப்படியில்லை.
நோர்வூட் பக்கத்து மலையில் மோதிப் பிளந்து,
தேயிலைச் சரிவில் உருண்டு,
அணைக்கட்டைத் தொட்டுத் திரும்பி
மூன்று பக்கமும் முகத்தில் அறையும்.
அதனால்தான் இங்கே கொண்டுவந்தோம்.
நல்ல காற்றில் எல்லாப் பட்டமும் நல்ல பட்டம்தான்.

போன தை மாதம் கல்யாண வீட்டில் ஒருத்தி கேட்டாள்,
"நீ என்ன பட்டம் வாங்கினாய்?"
ஒன்பது மீட்டர், பன்னிரண்டு மீட்டர் என்றேன்.
அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான்கு பெட்டி.
கரையில் இந்துனில், காற்றுமானியோடு.
பதினெட்டு நொட் என்கிறான்,
வாய் மூடுவதற்குள் முப்பத்தொன்று என்கிறான்.
போட்டில் திலகேஸ்வரன், எஞ்சினை அணைக்காமல்.

முதல் வேலை பறப்பதல்ல.
இடுப்புக் கொக்கிக்கு மேலே ஒரு சிவப்புப் பிடி.
அப்பால் தள்ளினால் திறக்கவேண்டும்.
வெறுங்கையால் இருபது முறை.
குளத்துச் சேற்றை அப்பி இருபது முறை.
விடியற்காலைத் தண்ணீரில் கையை வைத்து
விரல் என்னுடையதில்லை என்றானபின் இருபது.
பிறகு கண்ணை மூடிக்கொண்டு.
பயந்தவனுக்குக் கண் தெரியாது.

கைவிடாதே தாயே என்று
கற்பூரம் கொளுத்துகிற ஊர் இது.
எனக்குச் சம்பளம்
கைவிடுகிறதா என்று பார்ப்பதற்கு.

முதல் பட்டம் தேறியது.
இரண்டாவது திரும்பச் சோம்பல், ஆனால் சொன்ன சொல் கேட்டது.
மூன்றாவது மஞ்சள்.
பதினொன்று பத்துக்கு அந்தக் காற்று வந்தது,
லொறி ஹோர்ன் அடிக்காமல் வளைவில் வருமே, அப்படி.
தள்ளினேன்.
டக்.
திறந்தது.

திறந்தது, ஆனால் சாகவில்லை.
பாதுகாப்பு லைன் பாரின் முனையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ள
பட்டம் பாதி உயிரோடு புரண்டு புரண்டு
என்னைக் கரைக்கு இழுத்தது.
வாய் நிறையத் தண்ணீர்.
அங்கே பாறை.
இரண்டாவது பிடி, லீஷில், சின்னது.
அதையும் விட்டேன்.

அப்புறம் அமைதி.
திலகேஸ்வரன் என் சட்டையைப் பிடித்துத் தூக்கும்போது
மஞ்சள் பட்டம் ரோட்டைத் தாண்டி
பதினோராம் நம்பர் மலைக்குப் போய்க்கொண்டிருந்தது,
லைன்களைக் கத்திமாதிரி இழுத்துக்கொண்டு.
அங்கே கொழுந்தெடுக்கிறார்கள்.

படிவத்தில் பயணியைப் பற்றி நாற்பத்திரண்டு கேள்வி.
அது யார்மேல் போய் விழும் என்று ஒன்றுகூட இல்லை.

ஓடினோம். ஈர உடுப்போடு, செருப்பில்லாமல்.
எட்டுப் பேர் சுற்றி நிற்க
பட்டத்தின் நடுவில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்,
கூடையை முன்விளிம்பில் கவிழ்த்து வைத்து.
"ஓடப் பாத்துச்சு. குந்திட்டேன்."
மூன்று நாள் வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பது அதுதான்.
பெயர் மரியசெல்வமாம்.
புறங்கையில் லைன் கீறிய ஒரு கோடு,
அதைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு கேட்டார்:
"யாரு விட்டது?"

நான்தான் என்றேன்.

கையில் மருந்து போட்டோம். வேண்டாம் வேண்டாம் என்றபடியே போட விட்டார்.
கணக்கப்பிள்ளை வந்து ஒடிந்த வாதுகளை எண்ணினார்.
மரியசெல்வம் மஞ்சள் துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்,
தண்ணீர் நிற்காமல் உருண்டது.
"நல்ல படங்கு."

தோற்ற பட்டத்தை வெட்டி அழிக்கவேண்டும் என்பது கம்பனி விதி.
எந்த அளவுக்கு வெட்டுவது என்று விதியில் இல்லை.
இந்துனில் காற்றுமானியையே பார்த்துக்கொண்டிருந்தான்.
ஒருவர் இடுப்பைச் சுற்றி வந்து,
முழங்காலுக்குக் கீழே ஒரு சாண்.
லைனை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

இரவு படிவம்.
பாதுகாப்பு முறை: திறந்தது / திறக்கவில்லை.
ஒன்றை அடிக்கச் சொல்கிறது.
இரண்டையும் விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினேன்,
இடம் போதாமல் பின்பக்கமும்.

நாலாவது பெட்டி இன்னும் பிரிக்கவில்லை.
தகரம் அடித்துக்கொள்கிறது.
இருபத்தாறு இருக்கும்.