பூட்டு மூடி

மேலுமலை ஏற்றத்தில் மறுபடியும்
நின்றுவிட்டதென்று போன் வந்தபோது
விடியற்காலை நாலே முக்கால்.
என் டிவிஎஸ் போய்ச் சேர்வதற்குள்
லாரிகள் வெளிச்சம் அடித்து அடித்து
ஆம்னியின் பின்கண்ணாடி வெளுத்திருந்தது.
உள்ளே காவேரிப்பட்டினத்துச் செண்டுமல்லி, எட்டு மூட்டை.
ஆறு மணிக்கு ஓசூரில் ஏலம்.

சென்னகேசவன் பேசிக்கொண்டே இருந்தான்:
பிளக் மாத்தியாச்சு, காயில் மாத்தியாச்சு,
தருமபுரியில ஒருத்தர் பம்ப்பே புதுசு போட்டாரு,
இருபது கிலோமீட்டர் குதிரையாட்டம் ஓடுது,
அப்புறம் கழுதை.
கால்மணி நேரம் சும்மா விட்டா தானே எழுந்துக்குது,
ஒண்ணுமே நடக்காத மாதிரி.

அந்தக் கடைசி வரியைத்தான் பிடித்துக்கொண்டேன்.
செத்த பம்ப் கால்மணியில் பிழைக்காது.
அடைத்த பில்டருக்கு மனம் இரங்காது.

கார்பரேட்டர் வாயில் பைப்பைக் கழற்றி
தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டு, அடிங்க என்றேன்.
ஸ்டார்ட்டர் இருமியது.
பாட்டில் காய்ந்தே இருந்தது.
டேங்கைத் தட்டினால் கனத்த சத்தம்.
இருக்கிறது. வரவில்லை.

மூடியைத் திறங்க.
சட்டையைத் தூக்கி
அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தான்.
ஒரு திருகு.
உஸ்ஸ்ஸ்.
காற்று வெளியே வரவில்லை, உள்ளே போனது,
நெடுநேரம்,
தாகத்தோடு.

மறுபடி அடிங்க.
பாட்டிலில் பெட்ரோல் துள்ளியது.

மூடியில் பூட்டு உண்டு, துளை இல்லை.
எஞ்சின் குடிக்கக் குடிக்க
டேங்க் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"எப்ப போட்டீங்க இதை?"
"தையில. ராத்திரி தம்பி குழாய் விட்டு உறிஞ்சறான்னு."
"பாத்தீங்களா?"
"தினம் ஒரு லிட்டர் குறைஞ்சுது. மூடி போட்டேன், நின்னுபோச்சே!"

டார்ச்சோடு மல்லாந்து அடியில் போனேன்.
டேங்கிலிருந்து வரும் ரப்பர் டியூப் புதிது,
அதை இறுக்கிய கிளாம்ப் துருப்பிடித்த பழையது.
நேர் கீழே தகட்டில் ஒரு கை அகலத்துக்கு
மண் ஒட்டிய பழுப்புக் கறை.

"இந்த டியூப் எப்ப மாத்தினது?"
"எப்.சி.க்கு விட்டப்ப."
"எந்த மாசம்?"
அவன் வாய் திறந்து, மூடினான்.
தை.

எறிந்துவிட்ட டியூபில் வெடிப்பு இருந்ததென்று
நான் சத்தியம் செய்ய முடியாது.
கறை இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.
அவன் படுத்து, விரலால் தேய்த்து,
மோந்து பார்த்தான்.
நான்கு மாதத்துக் கறையில் என்ன வாசனை இருக்கும்?
ஆனாலும் மோந்துகொண்டே இருந்தான்.

"திருப்பூர் போயிட்டான்" என்றான் தரையிலிருந்தே.
"நம்பரும் மாத்திட்டான்."

பழைய மூடி டேஷ்போர்டு பெட்டிக்குள்
ஏலச்சீட்டுகளுக்கு அடியில் கிடந்தது.
ஊசி நுழையும் துளையை ஊதிப் பார்த்து மாட்டினேன்.
பூட்டு மூடியை எங்கே வைப்பதென்று தெரியாமல்
இருவரும் கொஞ்சம் நின்றோம்.
கடைசியில் பூமூட்டைகள் மேல் எறிந்தான்.

இரண்டாவது கியர். மூன்றாவது.
வளைவு தாண்டிச் சத்தம் தேயும்வரை கேட்டேன்,
திணறல் இல்லை.

அவன் கூலி தரவில்லை, நானும் கேட்கவில்லை என்பது
டோல்கேட் விளக்குகள் தெரிந்தபோதுதான்
ஞாபகம் வந்தது.